அவிழ்க்கக் கூடாது என்று சொன்னேன்

குடியரசு தினத்தன்று காலையில் கொடிக்கம்பத்துக்கு முன்னால் சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டிருந்தார்கள். பிள்ளைகள் அந்தக் கோட்டை மிதிக்காமல் வரிசையாக நின்றார்கள். வாடைக்காற்று அடித்தது. மைக்கைத் தொடும்போதெல்லாம் அது கீச்சென்று கத்தியது. தலைமையாசிரியர் சாமுவேல் சார் அதை இரண்டு தட்டு தட்டிவிட்டுக் கூப்பிட்டார்.

“ஏழாம் வகுப்பு மாணவி காளீஸ்வரி முன்னால் வரவும்.”

அவள் வந்தாள். இரட்டைச் சடையை மடித்துக் கட்டியிருந்தாள். சீருடையின் ஒரு தோளில் மட்டும் இஸ்திரி மடிப்பு இருந்தது. யாரோ அவசரமாகத் தேய்த்துக் கொடுத்திருக்க வேண்டும்.

“விரியன் பாம்பு கடிச்ச தாயை, நம்ம வகுப்பறையில படிச்ச அறிவியலை வச்சுக் காப்பாத்தின பிள்ளை” என்று சார் சொன்னார். கண்ணாடிபோல் பளபளக்கும் உறை போட்ட சான்றிதழ் ஒன்றும் எவர்சில்வர் டிபன் பாக்ஸ் ஒன்றும் கொடுத்தார்கள். ஊர்க்காரர்கள் வெகு நேரம் கைதட்டினார்கள்.

அவள் இறங்கும்போது ஆசிரியர்கள் நின்ற பக்கம் திரும்பி என்னைத் தேடினாள். கண்டுபிடித்ததும் சிரித்தாள்.

நானும் கைதட்டினேன். தட்டியிருக்கக் கூடாது. ஏனென்றால் உண்மை என்னவென்று எனக்கு நான்கு நாட்களாகத் தெரியும்.

இந்தத் தொடரில் இதுவரை சிரிக்கத்தக்க கதைகளாகத்தான் எழுதி வந்திருக்கிறேன். சத்துணவு முட்டையைக் குஞ்சு பொரிக்க வைத்த வகுப்பைப் பற்றிப் படித்துவிட்டுப் பலர் கடிதம் எழுதினீர்கள். இந்த அத்தியாயத்தைப் பல வாரங்களாகத் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். இனியும் தள்ளினால் எழுதாமலே விட்டுவிடுவேன் என்று தோன்றுகிறது.

அறிவியல் என்னத்துக்கு ஆவும்?

எங்கள் பள்ளிக்கூடம் எப்போதும்வென்றான் என்ற ஊரிலிருந்து உள்ளே போகும் ஒரு கிளைச் சாலையில் இருந்தது. பள்ளி இருந்த ஊரின் பெயர் வேண்டாம். எட்டாம் வகுப்புவரை உள்ள நடுநிலைப் பள்ளி. ஆறு, ஏழு, எட்டு மூன்றுக்கும் அறிவியல் நான்தான். கோவில்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வந்தேன்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் பெற்றோர் கூட்டம் நடக்கும். வருகிறவர்கள் பெரும்பாலும் அம்மாக்கள். தீப்பெட்டி ஆபீஸ் என்று சொல்லும் தொழிற்சாலைக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்திருப்பார்கள். இங்கிலீஷ் வருமா, வீட்டுப்பாடம் உண்டா, சோறு நன்றாக இருக்குமா என்று கேட்பார்கள். அறிவியலைப் பற்றி யாரும் கேட்டதில்லை. ஒரே ஒருத்தி கேட்டாள். அவள்தான் காளீஸ்வரியின் அம்மா சுப்புத்தாய்.

“தமிழு, கணக்கு வெளங்குது. இந்த அறிவியல்ல என்ன சொல்லிக் குடுப்பீய டீச்சர்? அது என்னத்துக்கு ஆவும்?”

எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. நீட்டி முழக்கிப் பதில் சொன்னேன். ஈரப் பஞ்சில் பயறு முளைப்பதைத் தினமும் அளந்து எழுதுவோம். காந்தத்தை மண்ணில் புரட்டி அதில் ஒட்டும் இரும்புத்தூளை எடுப்போம். மஞ்சள் தடவிய தாளில் சோப்புத் தண்ணீர் விட்டுச் சிவக்கிறதா என்று பார்ப்போம். புத்தகத்தை மனப்பாடம் செய்கிற வேலை என் வகுப்பில் கிடையாது, எல்லாவற்றையும் கையால் செய்து பார்ப்போம் என்றேன்.

“சரி டீச்சர், அது என்னத்துக்கு ஆவும்?” என்று மறுபடியும் கேட்டாள். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

“ஒரு ஆபத்துன்னா உயிரைக் காப்பாத்தவும் ஆகும்” என்று சொன்னேன்.

கையால் செய்ய வைக்கிற டீச்சர் என்று எனக்குக் கொஞ்சம் பேர் இருந்தது. அதில் எனக்குப் பெருமையும் இருந்தது. பக்கத்துப் பள்ளிகளில் இருந்துகூட என் வகுப்பைப் பார்க்க வந்திருக்கிறார்கள்.

ஒரு கர்ச்சீப், ஒரு பென்சில்

அந்த வருஷம் ஐப்பசி மழை நன்றாக விழுந்தது. பிள்ளைகள் கரிசல் மண் அப்பிய செருப்புகளை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வந்தார்கள். ஏழாம் வகுப்பில் உடல்நலம், முதலுதவி பாடம் நடந்துகொண்டிருந்தது. வெட்டுக்காயம், தீக்காயம், மூக்கில் ரத்தம் வடிவது ஆகியவை பாடத்தில் இருந்தன. பாம்புக்கடி இல்லை.

அதைச் சேர்த்தது நான்தான். சுற்றிலும் காடு, எங்கள் பக்கம் விளைநிலத்தைத்தான் அப்படிச் சொல்வோம். மழை பெய்தால் மண் வெடிப்புக்குள் இருக்கும் பாம்பெல்லாம் மேலே வரும். இந்தப் பிள்ளைகளுக்கு வேறு எதை விடவும் இதுதான் தேவை என்று நினைத்தேன். இப்போதும் அந்த நினைப்பு தப்பென்று எனக்குத் தோன்றவில்லை.

“பாம்பு கடிச்சா ஒங்க ஊர்ல என்ன செய்வாங்க?” என்று கேட்டேன்.

“மந்திரிக்கக் கூட்டிட்டுப் போவாவ டீச்சர்.”

“பச்சிலை அரைச்சு ஊத்துவாவ.”

“கோழியக் கொண்டாந்து கடிவாயில வைப்பாவ டீச்சர்!”

மந்திரிக்கப் போனால் ஆள் செத்துப் போகும், ஒரு நிமிஷம்கூட வீணாக்காமல் நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று சொன்னேன். அதுவரைக்கும் சரியாகத்தான் சொன்னேன்.

பிறகு சுவரில் மாட்டியிருந்த பழைய முதலுதவிப் படத்தைக் காட்டினேன். கோவில்பட்டிக் கடை ஒன்றில் என் கைக்காசில் வாங்கி மாட்டியது. அதில் ஒரு மனிதன் காலில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். “யார் வாரீங்க?” என்று கேட்டேன். காளீஸ்வரி எழுந்து வந்தாள். எதற்குக் கேட்டாலும் முதலில் எழுந்து வருகிற பிள்ளை அவள்.

அவளுடைய இடது கையில் முழங்கைக்கு மேலே என் கர்ச்சீப்பைக் கட்டினேன். முழங்கைக்குக் கீழே இரண்டு எலும்பு, ரத்தக்குழாய் நடுவில் ஒளிந்துகொள்ளும், மேலே ஒற்றை எலும்பு, அங்கேதான் கட்ட வேண்டும் என்று விளக்கினேன். முடிச்சுக்குள் ஒரு பென்சிலைச் செருகி மூன்று சுற்று முறுக்கினேன்.

“வலிக்குதா?”

“வலிக்குது டீச்சர்.”

“வலிக்கணும். வலிச்சாத்தான் அது கட்டு.”

வகுப்பு சிரித்தது. அவளும் சிரித்தாள். விரல்நுனி நிறம் மாறுவதை எல்லோரும் வரிசையில் வந்து பார்த்தார்கள்.

“எப்ப அவிழ்க்கணும்?”

“டாக்டரு சொன்னாத்தான்!”

“நடுவுல யாராவது அவிழ்க்கச் சொன்னா?”

“அவுக்கக் கூடாது!”

சத்தம் போதவில்லை என்று மறுபடி மறுபடி சொல்ல வைத்தேன். பக்கத்து வகுப்பு டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

முழு மார்க்

அதை நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

பாளையங்கோட்டையில் ஆசிரியர் பயிற்சி படித்தபோது எங்களைப் பத்து நாள் முகாமுக்கு அழைத்துப் போனார்கள். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் முதலுதவி சொல்லித் தந்தார். பேச்சு குறைவு. ஒவ்வொருத்தியாக எழுப்பிக் கட்டச் சொல்வார். கட்டுக்குள் தன் சுண்டுவிரலை நுழைத்துப் பார்ப்பார். விரல் நுழைந்தால் “ஆள் செத்தாச்சு, அடுத்தது” என்பார்.

என் கட்டுக்குள் விரல் நுழையவில்லை. முழு மார்க் போட்டார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பயிற்சி வகுப்புகளுக்குப் போயிருக்கிறேன். செல்போனில் வருகைப் பதிவு போடுவதில் இருந்து கரும்பலகையில் நேராக எழுதுவதுவரை சொல்லித் தந்திருக்கிறார்கள். நான் அந்த முகாமில் படித்தது இன்னும் சரிதானா என்று யாரிடமும் கேட்டதில்லை. எங்கள் தெருவிலேயே ஒரு நர்ஸ் குடியிருந்தாள். பார்க்கும்போதெல்லாம் குழாயில் தண்ணீர் வந்ததா என்று கேட்பேன். இதைக் கேட்கத் தோன்றவில்லை. சொன்னவர் யாராக இருந்தாலும் சோதித்துப் பார்க்காமல் நம்பாதே என்று வருஷா வருஷம் பிள்ளைகளுக்குச் சொல்லி வந்தவள் நான்.

உளுந்து பிடுங்கிய நாள்

இனிமேல் வருவது சுப்புத்தாயும், அவர்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன லோடு ஆட்டோக்காரர் அழகர்சாமி அண்ணாச்சியும் பிற்பாடு சொல்லக் கேட்டது.

அரையாண்டு விடுமுறை. காளீஸ்வரியின் அப்பா கோயம்புத்தூரில் ஒரு மில்லில் வேலை பார்த்தார். சுப்புத்தாய் ஐந்தாறு பெண்களோடு உளுந்து பிடுங்கப் போனாள். பள்ளிக்கூடம் இல்லாததால் மகளும் கூடப் போயிருந்தாள். வெயில் ஏறுவதற்குள் பாதிக் காடு முடிந்துவிட்டது. பிடுங்கிப் போட்ட செடிகளைக் குவியலாக அள்ளும்போது சுப்புத்தாயின் வலது கையில், கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில், கண்ணாடி விரியன் கடித்துவிட்டது. கையை உதறியபோதும் அது விடாமல் தொங்கியதாம்.

பெண்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஒருத்தி, மந்திரிக்கிறவர் பக்கத்து ஊரில்தான் இருக்கிறார், கூட்டிப் போவோம் என்றாள்.

“அங்கன போகக் கூடாது” என்று காளீஸ்வரி சொல்லியிருக்கிறாள். “ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். எங்க டீச்சர் சொல்லியிருக்காவ.”

அம்மாவின் தலையில் கட்டியிருந்த துண்டை உருவி, முழங்கைக்கு மேலே கட்டினாள். காட்டு ஓரத்தில் காய்ந்து கிடந்த பருத்திமாரில் ஒரு குச்சியை ஒடித்துச் செருகி முறுக்கினாள். மூன்று சுற்று. பெரியவர்கள் அழுதுகொண்டிருந்தபோது பன்னிரண்டு வயதுப் பிள்ளை இதையெல்லாம் செய்திருக்கிறது. கை நடுங்கவே இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள்.

உளுந்துச் செடி ஏற்ற வந்த அழகர்சாமி அண்ணாச்சி, ஏற்றியதைக் கீழே தள்ளிவிட்டு இவர்களை வண்டியில் போட்டுக்கொண்டு கிளம்பினார். சாலையில் பாதி தூரம் ஜல்லி கொட்டிக் கிடந்தது. நடுவில் ரயில்வே கேட் வேறு அடைத்துவிட்டார்கள். கோவில்பட்டி வந்து சேர ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது.

“கேட்டுல நிக்கும்போது அந்தம்மா கத்துனத என்னால கேக்க முடியல டீச்சர்” என்று அண்ணாச்சி சொன்னார். “கை வெடிக்கிற மாதிரி இருக்கு, அவுத்து விடுங்கன்னு அழுதா. கை கருநீலமாப் போச்சு. நான் வண்டியவிட்டு எறங்கி அவுக்கப் போனேன். இந்தப் புள்ள ரெண்டு கையாலயும் முடிச்ச மூடிக்கிட்டு, ‘அண்ணாச்சி, தொடாதீங்க, அவுத்தா எங்கம்மா செத்துரும்’னு சொல்லுது. படிச்ச புள்ள சொல்லுது. நான் ஆடு மேய்ச்சவன். எனக்கு என்ன தெரியும்?”

அவர் மறுபடியும் போய் வண்டியில் ஏறிக்கொண்டார். கேட் திறந்தது.

டாக்டர் கேட்டது

கோவில்பட்டியில் கட்டை அவிழ்த்து, விஷமுறிவு ஊசி போட்டு, திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். ஒரு வாரம் கழித்து முழங்கைக்குச் சற்று மேலே கையை வெட்டி எடுத்தார்கள்.

பள்ளி திறந்த அன்று சாமுவேல் சார்தான் எனக்கு இதைச் சொன்னார். “டீச்சர், ஒங்க பாடம் ஒரு உயிரைக் காப்பாத்திருச்சு” என்றார். கை போனதையும் சொன்னார். விஷம் அப்படிப்பட்டது, உயிர் நின்றதே பெரிது என்றுதான் இரண்டு பேரும் பேசிக்கொண்டோம்.

ஒளிக்காமல் எழுதுகிறேன். அடுத்த இரண்டு வாரம் நான் பெருமையாக இருந்தேன். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம்கூடச் சொன்னேன்.

ஒரு சனிக்கிழமை ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனேன். சுப்புத்தாய் தூங்கிக்கொண்டிருந்தாள். மூத்திரம் சரியாகப் போகாமல் ரத்தத்தை வேறு சுத்திகரிக்க வேண்டியிருந்தது என்று பக்கத்துக் கட்டில்காரர் சொன்னார். போர்வைக்குள் ஒரு பக்கம் உருவம் பாதியில் நின்றுபோயிருந்தது. அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க முயன்றேன்.

வார்டு பார்க்க வந்த டாக்டர் ஒரு இளம்பெண். நான் யாரென்று விசாரித்தார். காளீஸ்வரியின் டீச்சர் என்றேன்.

“நீங்கதானா?” என்றார். “கட்டுப் போடச் சொல்லித் தந்தது எங்க டீச்சர்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. வாங்க, கொஞ்சம் பேசணும்.”

நடைபாதைக்குக் கூட்டிப்போனார். பாராட்டப் போகிறார் என்று நினைத்துக்கொண்டுதான் பின்னால் போனேன்.

“பாம்பு கடிச்சா இப்பல்லாம் இறுக்கிக் கட்டச் சொல்றதில்ல, டீச்சர். ரொம்ப வருஷமாவே கூடாதுன்னுதான் சொல்லித் தர்றோம். விரியன் விஷம் சதையை அழுகச் செய்யும். கட்டிட்டா ரத்தமும் போகாது. கை கொஞ்சம் கொஞ்சமா செத்துடும். ஒரு அட்டையோ குச்சியோ வெச்சு அசையாமப் பிடிச்சுக்கிட்டுச் சீக்கிரம் கொண்டு வந்தாப் போதும்.”

“அப்ப… கட்டாம இருந்திருந்தா கை இருந்திருக்குமா?”

“விஷமும் காரணம், கட்டும் காரணம். எது எவ்வளவுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாது. இருந்திருக்க வாய்ப்பு நிறைய இருந்தது. மந்திரிக்கப் போகாம நேரா கொண்டு வந்ததாலதான் உயிர் இருக்கு. அதை நீங்க சரியாச் சொல்லித் தந்திருக்கீங்க. மத்தப் பிள்ளைகளுக்கு இதை மட்டும் மாத்திச் சொல்லிடுங்க.”

அவர் குரலில் கோபம் இல்லை. அடுத்த கட்டிலுக்குப் போக வேண்டிய அவசரம் மட்டும் இருந்தது. பழப் பையை எங்கே வைத்தேன் என்று நினைவில்லை. பஸ் கங்கைகொண்டான் தாண்டியபோதுதான் கையில் இல்லை என்பதைப் பார்த்தேன்.

அச்சடித்த சான்றிதழ்

திங்கட்கிழமை சாமுவேல் சாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“இது ஒங்களுக்கும் எனக்கும் தெரிஞ்சா போதாதா டீச்சர்?”

“சார், விழாவை நிறுத்தணும்.”

“சான்றிதழ் அச்சடிச்சாச்சு. ஊருக்கெல்லாம் சொல்லியாச்சு. பிள்ளைங்க எண்ணிக்கை எவ்வளவுல நிக்குதுன்னு ஒங்களுக்குத் தெரியும். அடுத்த வருஷம் இந்தப் பள்ளிக்கூடம் இருக்குமான்னே எனக்குத் தெரியல. சரி, அதையெல்லாம் விடுங்க. அந்தப் பிள்ளைக்கு அம்மா கை போச்சு. நீ காப்பாத்தினேன்னு நாலு பேரு சொல்லுறதுதான் அதுக்கு இப்ப இருக்கிற ஒரே ஆறுதல். அதையும் பிடுங்கணுமா? ஆண்டவருக்கு முன்னால சொல்லுதேன், எனக்கு மனசு வரல.”

அவர் கெட்டவர் இல்லை. விழாவை நிறுத்தச் சொல்வதை நானும் விட்டுவிட்டேன். அவர் சொன்ன காரணம் எனக்கும் வசதியாக இருந்தது.

கொடியேற்றி, பெயர் கூப்பிட்டு, அவள் என்னைப் பார்த்துச் சிரித்து, நான் கைதட்டியது அதற்குப் பிறகுதான்.

சுப்புத்தாய் வாங்கிய சத்தியம்

தை மாதக் கடைசியில் சுப்புத்தாய் வீடு வந்தாள். ஒரு நாள் மாலை பள்ளி விட்டதும் போனேன். காளீஸ்வரி தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். சுப்புத்தாய் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து சுளகில் கொட்டிய அரிசியில் இடது கையால் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். சுளகைப் பிடித்துக்கொள்ள இன்னொரு கை இல்லாததால் அது நழுவி நழுவிப் போனது. கால் பெருவிரலால் மிதித்துப் பிடித்திருந்தாள்.

எப்படி ஆரம்பிப்பது என்று வழி நெடுகப் பேசிப் பார்த்திருந்தேன். எதுவும் வரவில்லை. “நான் தப்பாச் சொல்லிக் குடுத்துட்டேன்மா. கட்டியிருக்கக் கூடாது” என்று மட்டும் சொன்னேன்.

அவள் தலை நிமிரவில்லை.

“தெரியும் டீச்சர். அங்கன நர்ஸுப் புள்ளைய பேசிக்கிட்டாவ. மயக்கத்துல கெடந்தாலும் காது கேக்குமுல்லா.”

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அழவில்லை.

“நீங்க வேணும்னா சொன்னீய? தெரியாமச் சொல்லிட்டீய. ஆனா மன்னிச்சிட்டேன்னு மட்டும் என்னையச் சொல்லச் சொல்லாதீங்க. அது வரல. தீப்பெட்டி ஆபீஸுல என்னைய மாதிரி குச்சி அடைக்க ஆளு கெடையாதும்பாவ.”

கொஞ்ச நேரம் கல் பொறுக்கினாள். பிறகு சுளகைத் தள்ளி வைத்துவிட்டு என்னை நேராகப் பார்த்தாள்.

“எனக்கு ஒண்ணு செய்வீயளா? காளிக்கு இது தெரியக் கூடாது. அது தூங்கும்போதுகூட அந்தக் காகிதத்தத் தலமாட்டுல வச்சுக்கிட்டுத்தான் தூங்குது. அம்மாவ நான்தான் காப்பாத்துனேன்னு இருக்கு. தன் கையாலதான் போச்சுன்னு தெரிஞ்சா, அந்தப் புள்ள பொறவு எந்திரிக்காது. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணுங்க.”

கையை நீட்டினாள். இடது கை. அதில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அப்போது எனக்கு ஒன்று உறைத்தது. என் வகுப்பில் இன்னும் இருபத்திரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அத்தனை பேரும் காட்டுக்குப் போகிற பிள்ளைகள். அவர்களுக்கு மாற்றிச் சொன்னால் இவளுக்கும் தெரிந்துவிடும்.

பிள்ளைகளின் விளையாட்டு

மாசி முழுக்கத் தள்ளிப் போட்டேன். படத்தை மட்டும் சுவரில் இருந்து எடுத்துப் பீரோவுக்குள் வைத்தேன். எங்கே டீச்சர் என்று கேட்டார்கள். கிழிந்துவிட்டது என்றேன்.

ஒரு நாள் மத்தியானம் மூன்றாம் வகுப்புச் சிறுமிகள் இரண்டு பேர் வேப்பமரத்தடியில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையை நீட்டி “ஐயோ, ஐயோ” என்று அழுதாள். இன்னொருத்தி தன் ரிப்பனை அவிழ்த்து அவள் முழங்கைக்கு மேலே கட்டி, ஈர்க்குச்சியைச் செருகி முறுக்கினாள்.

“வலிக்குதுட்டி, அவுத்து விடுட்டி.”

“ஏட்டி, அவுக்கக் கூடாது. டாக்டரு சொன்னாத்தான் அவுக்கணும்.”

நான் அந்தப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்ததே இல்லை. ஓடிப்போய் ரிப்பனை அவிழ்த்தேன். சின்னவள் பயந்துபோய், “நாங்க காளியக்கா விளாட்டு விளாடுதோம் டீச்சர்” என்றாள்.

அடுத்த வாரம் சுப்புத்தாயைத் திருநெல்வேலிக்குக் காட்டக் கூட்டிப் போவதற்காகக் காளீஸ்வரி லீவு போட்டாள். அன்றைக்கு ஏழாம் வகுப்புக் கதவைச் சாத்திக்கொண்டு சொன்னேன். நான் சொன்னது தப்பு. கட்டாதீர்கள். கீறாதீர்கள். வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். கடித்த கையையோ காலையோ அசைக்காமல் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். அன்றைக்கு யாரும் சிரிக்கவில்லை. பின் வரிசையில் ஒரு பெண் பிள்ளை மெதுவாகக் கேட்டாள்.

“அப்ப காளியோட அம்மாக்கு, டீச்சர்?”

“அதை அவகிட்ட யாரும் பேசக் கூடாது. எனக்காக.”

இருபத்திரண்டு பிள்ளைகளிடம் ஒரு ரகசியத்தைக் கொடுத்துக் காப்பாற்றச் சொன்னேன். அவள் இல்லாத நாளாகப் பார்த்துச் சொன்னதை அப்போது புத்திசாலித்தனம் என்று நினைத்தேன். அது வெறும் கோழைத்தனம். அவளைத் தனியே அழைத்து நானே சொல்லியிருக்க வேண்டும். நாலு நாள்கூட அந்த ரகசியம் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் சாப்பாட்டு மணி அடித்த பிறகு எல்லோரும் தட்டோடு ஓடிவிட்டார்கள். காளீஸ்வரி மட்டும் என் மேஜை முன்னால் வந்து நின்றாள்.

“கட்டக் கூடாதா டீச்சர்?”

நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்துகொண்டு பதில் சொல்ல முடியவில்லை. “கூடாதும்மா. எனக்குத் தெரியாம இருந்துச்சு. நான் சொன்னதைத்தான் நீ செஞ்ச. தப்பு முழுக்க என்னோடது.”

“கட்டலன்னா கை இருந்திருக்குமா?”

“இருந்திருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். டாக்டராலயே சொல்ல முடியல.”

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“நாலு தடவ கேட்டா டீச்சர். அவுத்து விடுட்டின்னு நாலு தடவ கேட்டா எங்கம்மா. நாலாவது தடவ கும்புட்டா.”

எந்தக் கையால் கும்பிட்டாள் என்று நான் கேட்கவில்லை. அவளைத் தொடப் போனேன். ஒரு எட்டுப் பின்னால் நகர்ந்தாள்.

“எனக்குத் தெரியும்னு எங்கம்மாட்ட சொல்லிராதீங்க” என்றாள். “அவளுக்குத் தெரியாது. டாக்டரு விஷத்தாலதான்னு சொன்னாருன்னுதான் நெனச்சுக்கிட்டு இருக்கா. நான் கட்டுனதாலன்னு தெரிஞ்சா தாங்க மாட்டா. சொல்ல மாட்டீங்கல்ல?”

சொல்ல மாட்டேன் என்றேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போனாள்.

மாற்றுச் சான்றிதழ்

எட்டாம் வகுப்பிலும் அவள் என் மாணவிதான். எதற்கும் முதலில் எழுந்து வருவது நின்றுபோயிற்று. கேட்டால் பதில் சொல்வாள். சரியாகவும் சொல்வாள். சோதனை செய்கிற நாட்களில் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் இருப்பாள். நான் வற்புறுத்தியதில்லை. சில நாட்களில், சில நிமிஷங்கள் நான் ஏதாவது சொல்லிக்கொண்டிருக்கும்போது நிமிர்ந்து பார்ப்பாள். அந்தப் பார்வை வந்தால் சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை நிறுத்திவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சரிபார்த்து மறுநாள் சொல்வேன்.

படிப்பு முடிந்து மாற்றுச் சான்றிதழ் வாங்க சுப்புத்தாய் வந்தாள். சாமுவேல் சார் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். புதிய தலைமையாசிரியை ரேகை வைத்தால் போதும் என்று மைப்பெட்டியைத் தள்ளினார். சுப்புத்தாய் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேனாவை இடது கையில் பிடித்து எழுதினாள். ஒவ்வொரு எழுத்துக்கும் வெகு நேரம் எடுத்தது. யாரும் அவசரப்படுத்தவில்லை.

நான் வாசல்வரை கூடப் போனேன். காளீஸ்வரி முன்னால் போய்ச் சாலையோரத்தில் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சுப்புத்தாய் அவள் காதில் விழாத தூரம்தானா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

“அவளுக்கு இன்னும் தெரியாதுல்லா டீச்சர்?”

சாலையில் நின்றவள் அந்த நேரம் திரும்பிப் பார்த்தாள். எங்கள் இரண்டு பேரின் வாயையும் பார்த்தாள்.

“தெரியாதும்மா” என்றேன்.

சுப்புத்தாய் மூச்சு விட்டாள். “ஒங்கள நான் எத்தனையோ நாளு ஏசியிருக்கேன். மனசுக்குள்ளதான். இந்த ஒண்ணுல சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீய” என்றாள்.

அவள் சான்றிதழ் உறையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இடது கையால் முந்தானையை இழுத்துச் செருகியபடி நடந்தாள்.

“ஏட்டி காளி, டீச்சர்ட்ட சொல்லிட்டியா?”

“சொல்லிட்டேன்மா” என்றாள் அவள், நின்ற இடத்திலிருந்தே. பஸ் வந்துவிட்டது.